பெற்றுக்கொண்ட நிலையிலேயே

‘பங்கேற்பாளரிடமிருந்து பெறப்படும் பொருள், பெற்றுக்கொண்ட நிலையிலேயே, எவ்வித மாற்றமும் இன்றி, உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கப்படும்.’

இது நிபந்தனை எண் நான்கு. எழுதியவன் நான். அரசுப் பணியில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுத ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். பணிக்காலம் முழுவதும் இதுபோல எத்தனையோ எழுதியிருக்கிறேன். எதையும் யாரும் முழுதாகப் படித்ததாக நினைவில்லை. இதை ஒருவர் என்னை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ‘எவ்வித மாற்றமும் இன்றி’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்படியேன்னா அப்படியேதானே சார்?”

“அப்படியேதாம்மா.”

“ஒரு பொட்டுகூட மாறாது?”

“எழுத்துல இருக்குது. மாறுனா கேக்கலாம்.”

அதற்குப் பிறகுதான் அவர் துணிப்பையிலிருந்து அந்தப் பீங்கான் கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எங்கள் தெருவில் அவரை ஸ்டாண்டம்மா என்பார்கள். விருத்தாசலம் ஜங்ஷன் அருகில் இருக்கும் இருசக்கர வாகன நிறுத்தத்தில் டோக்கன் கொடுப்பவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஐம்பதைத் தொட்டிருப்பார். பேர் இருந்தது, குடும்ப அட்டையில் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத அவரிடம் அனுமதி வாங்கவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று தெருவில் கடைசிவரை முடிவாகவில்லை. இரவல் வாங்கிய பொருளை அவர் வாங்கியபடி திருப்பித் தரமாட்டார். சரிசெய்துதான் தருவார்.

ஓர் ஐப்பசி மழையில் என் குடையை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தபோது அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“இது என் குடையாம்மா?”

“உங்குளுதுதான் சார். ஒரு கம்பி துணிய வுட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சி. நாலு தையல் போட்டேன். புடியும் ஆடுச்சி.”

“நான் கேக்கலியே.”

“நனைஞ்சது நான்தானே சார். நீங்க எதுக்குக் கேப்பீங்க?”

உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: “இந்த வூட்டுல ஒரு ஆம்பள இருக்கறது அந்தக் குடைக்கே தெரியல போலருக்குது.”

ஏணி போனால் ஆட்டம் நின்று திரும்பி வரும். மிக்ஸி ஜார் போனால் மூடியின் ரப்பர் மாற்றப்பட்டு வரும். இரவல் கொடுத்தவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. எதிர்வீட்டு இன்ஜினியரின் மனைவி வெளிப்படையாகவே சொன்னார்: “கெட்டுப்போனதக் குடுத்தாங்கன்னு ஊருக்கே சொல்றா மாதிரி இருக்குது. எனக்கு வேணாம்ப்பா.” அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பொருளைக் கேட்டாலும் அது நல்லபடியாக இருக்கிறது என்றும், ஆனால் இப்போது கைவசம் இல்லை என்றும் பதில் வந்தது.

ஸ்டாண்டிலும் இதே கதைதான். காலை ரயிலுக்குப் போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் வந்து எடுத்தால் சீட்டில் வெயில் படாமல் சாக்கு போர்த்தியிருக்கும்; செயினில் எண்ணெய் இருக்கும்; ஆடிய கண்ணாடி ஆடாது. வங்கி ஊழியர் ஒருவர் ஒரு சாயங்காலம் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே அவரிடம் சண்டைக்கு வந்தார். நான் அங்கே டோக்கனுடன் நின்றிருந்தேன்.

“என் வண்டியில கைய வெச்சியா நீ?”

“பிரேக்கு லூசா இருந்துச்சி சார். கொஞ்சம் டைட்டு வெச்சேன்.”

“எப்பவும் போல அழுத்துனேன். டக்குனு நின்னு, ஸ்டாண்டு கேட்டுக்கிட்டயே வுழுந்துட்டேன்!”

“பிரேக்கு புடிச்சா வண்டி நிக்குதுன்னு கம்ப்ளெயின்ட்டு குடுக்க வந்த மொத ஆளு நீங்கதான் சார்” என்றார் டீக்கடைக்காரர் பக்கத்திலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாண்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. “மன்னிச்சிக்குங்க சார். வேணும்னா பழையபடி லூசு வெச்சித் தரேன்” என்றார். உண்மையாகவே ஸ்பேனரை எடுத்துவிட்டார். வங்கி ஊழியர் வேண்டாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்.

ஓர் அரசு அலுவலகத்தில், எது என்று சொல்லப்போவதில்லை, மக்கள் காத்திருக்கும் பெஞ்ச் ஒருகால் குட்டையாகி ஆடிக்கொண்டிருந்தது. நான் பணியில் சேர்வதற்கு முன்பிருந்தே ஆடியிருக்க வேண்டும். அவர் ஒருநாள் ஒரு மரச்சில்லைச் சீவி அடியில் வைத்துவிட்டார். யார் வைத்தது, எந்த உத்தரவின் பேரில் என்று விசாரணை நடந்தது. அரசுச் சொத்தைத் தனிநபர் பழுதுபார்க்க விதியில் இடமில்லை. ஆடவிடுவதற்கு விதி எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. சில்லு அகற்றப்பட்டது.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். அந்தச் சாவு வீட்டை அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் தெருமுனையில் நெய்வேலிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று இறந்துபோனார். பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஸ்டாண்டம்மா வந்தார், கும்பிட்டார், அந்த வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வெளியே போனவர் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியோடு வந்து, வாசல் இரும்புக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் விட்டு, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினார். பல வருடங்களாகக் கிரீச்சென்று தெருவுக்கே கேட்கும் கதவு அது.

“என்னாம்மா இது, இந்த நேரத்துல?” என்றேன்.

“அவரு போறப்ப கதவு கத்தக் கூடாதுங்க சார்.”

கத்தவில்லை. சத்தமில்லாமல் திறந்தது, சத்தமில்லாமல் மூடியது.

இப்படி ஊரிலுள்ள எல்லாவற்றையும் தொட்டுச் சரிசெய்தவர், தன்னிடமிருந்த ஒரே ஒரு பொருளைத் தொடாமல் வைத்திருந்தார். அந்தக் கோப்பை.

அவர் கணவர் செராமிக் எஸ்டேட்டில், அதாவது எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு பொம்மை யூனிட்டில் வேலை பார்த்தவர். சுட்டெடுத்த பீங்கானைக் கிளேஸில் முக்குகிற வேலை. கிளேஸ் என்றால் கண்ணாடிப் பூச்சு. நீர்த்த மோர் மாதிரி இருக்கும், மறுபடி சூளைக்குள் போய்வந்தால்தான் பளபளக்கும். முக்கும்போது பொருளை எங்கேயாவது விரலால் பிடித்தாக வேண்டும். பிடித்த இடத்தில் பூச்சு ஏறாது. அந்த இடத்தைப் பிரஷ்ஷால் தொட்டு மூடிவிட்டுச் சூளைக்கு அனுப்புவார்கள். எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர்கள் விரல் தடத்தோடு வந்த பொருளைப் பார்த்தால், குறைபாடு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவைப்பார்கள்.

குஜராத் பக்கம் டைல்ஸ் கம்பெனியில் நல்ல வேலை என்று அந்த மனிதர் கிளம்பினார். கிளம்புவதற்கு முன் தன் கையால் முக்கிய ஒரு கோப்பையை மனைவிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தடத்தை மூட மறந்தாரோ, நேரமில்லையோ. ஒரு பக்கம் கட்டைவிரல், எதிர்ப்பக்கம் இரண்டு விரல். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கூடப் போனவர்கள், அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. போலீசில் புகார் கொடுத்து, அதற்கும் வயதாகிவிட்டது.

அந்தக் கோப்பையில்தான் அவர் ஸ்டாண்டில் டீ குடிப்பார். தடம் இருந்த மூன்று இடத்திலும் டீ ஊறிப் பழுப்பேறியிருந்தது. சரியாக அந்த மூன்று இடத்தில் தன் விரல்களை வைத்துத்தான் தூக்குவார். அவருடைய விரல்கள் அந்தத் தடங்களுக்குள் அடங்கி, சுற்றிலும் ஒரு பழுப்பு வளையம் மிச்சம் தெரியும்.

“அவரு கை பெருசு சார்” என்றார், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு.

“ஊருல எல்லாத்தையும் ரிப்பேர் பண்றீங்க. இத மட்டும் வுட்டு வெச்சிருக்கீங்களே?”

“இது கெட்டுப்போவலியே சார்.”

அவருக்கு ஏதாவது உதவித்தொகை வாங்கித் தரலாம் என்று நானாகவே முயன்றேன். அரசு இரண்டு வழி வைத்திருக்கிறது. கணவர் இறந்திருக்க வேண்டும், அல்லது கைவிட்டிருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டமும் இருக்கிறது. ஒரு மனு போட்டு நடையாக நடந்தால் முடியும். விளக்கிச் சொன்னேன்.

“அவரு செத்துப்போனாருன்னு நான் எப்படி சார் கையெழுத்து போடுவேன்?”

“அப்ப கைவிடப்பட்டவர்னு போடலாம்.”

“கைவுட்டுட்டுப் போவலியே. வேலைக்குத்தானே போனாரு.”

மூன்றாவது வழி இல்லை. நான் தேடிப் பார்த்தேன். அவர் எழுந்து, என் நாற்காலியின் கைப்பிடியில் தளர்ந்திருந்த திருகாணியை நகத்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, “போயிட்டு வரேன் சார்” என்று போய்விட்டார்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து கலைக்குழு ஒன்று வந்தது. அன்றாடப் பொருள்களைப் பேணுவது பற்றி ஊர்மக்களே சேர்ந்து ஓர் அனிமேஷன் படம் எடுப்பது திட்டம். ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும். மேஜைக்கு மேலே கேமராவைக் கட்டிவைத்திருப்பார்கள். பொருளை ஒரு நூலளவு நகர்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு படம் பிடிப்பார்கள். மறுபடி ஒரு நூலளவு. இப்படி ஊரே நகர்த்தினால், கடைசியில் பொருள் தானாக நடப்பதுபோலத் தெரியுமாம். நூலக வாசகர் வட்டச் செயலாளர் என்ற முறையில் என்னை அணுகினார்கள். அவர்களுடைய நிபந்தனைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பொருளைத் திருப்பித் தருவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கலைஞர்களுக்கு அது தோன்றாது. நிபந்தனை நான்கை நான் சேர்த்தேன்.

அவர்கள் பெருமையோடு வைத்திருந்தது நிபந்தனை ஏழு: ‘ஒவ்வொரு பங்கேற்பாளரும் தன்னிடம் வரும் பிறர் பொருளுக்கு ஏதேனும் ஒரு பராமரிப்புச் செயலைச் செய்ய வேண்டும்.’ ஒருங்கிணைப்பாளராக வந்திருந்த இளம்பெண்ணிடம் கேட்டேன்.

“மாத்தாம திருப்பித் தரணும்னு நாலு சொல்லுது. ஏதாச்சும் செஞ்சே ஆகணும்னு ஏழு சொல்லுது. ரெண்டும் மோதுனா எதும்மா நிக்கும்?”

“சார், அது சும்மா தொடைக்கிறது, தடவிக் குடுக்கிறது மாதிரி சார். ஒரு ஜெஸ்ச்சர்.”

“ஜெஸ்ச்சர்னு இல்ல. செயல்னு இருக்குது.”

“நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க சார்” என்று சிரித்தது அந்தப் பெண். நல்ல பெண்தான். “ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்.”

நானே அவர்கள் தலைமை அலுவலகத்துக்குத் தெளிவுரை கேட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகை அட்டை உடனே திரும்பி வந்தது. பதில் வரவில்லை. பதில் வரும்வரை நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கலாம் என்றேன். மண்டபம் பேசியாகிவிட்டது என்றார்கள்.

ஸ்டாண்டம்மா முதல் நாள் ஒரு செப்பு டம்ளரைக் கொண்டுவந்தார். “தினமும் நீங்க பாத்துக்கிற பொருளா வேணும்மா” என்றது அந்தப் பெண். மறுநாள்தான் கோப்பை வந்தது. நிபந்தனை நான்கை என்னிடம் படிக்கக் கேட்டதும், ‘அப்படியேதானே’ என்று உறுதி வாங்கியதும் அன்றைக்குத்தான்.

படப்பிடிப்பு தொடங்கியது. அவருக்கு நகர்த்தத் தெரியவில்லை என்று கேமராக்காரர் சலித்துக்கொண்டார். நகர்த்திய பிறகும் அவர் விரல் கோப்பையை விட்டு வரவில்லை.

“கையை எடுங்கம்மா. படத்துல கை தெரியவே கூடாது.”

“எடுத்தா வுழுந்துடுமோன்னுதான்...”

“வுழாதும்மா. எடுங்க.”

எடுத்தார். ஒரு படம். மறுபடி தொட்டார். மறுபடி எடுத்தார். கோப்பை மேஜையில் மெல்லச் சுழன்றது.

யார் பொருள் யாரிடம் போக வேண்டும் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். அவருக்கு என் ஸ்டேப்லர் வந்தது. அவருடைய கோப்பை கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு விழுந்தது. அதை எழுந்துவந்து கேட்டு வாங்கிக்கொண்டவர், எஸ்டேட்டில் சொந்தமாகப் பொம்மை யூனிட் வைத்திருக்கும் ஒரு நாற்பது வயதுக்காரர். யூனிட் தொடங்கிய நாட்களில் அவரிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. சரக்கோடு ரயிலேறிப் போய்வரும் நாட்களில் அது ஸ்டாண்டில் நிற்கும். ஒவ்வொரு தடவையும், விட்டுப்போனபோது இருந்ததைவிட ஒழுங்காக அவரிடம் திரும்பி வரும். அந்த வண்டி உயிரோடு இருந்ததே அக்காவால்தான் என்று எல்லோரிடமும் சொல்வார்.

“அக்காவுக்கு நாம ஏதாச்சும் செய்யறதுக்கு இத வுட்டா சான்ஸு கெடைக்காது சார். எனக்குக் குடுத்துடுங்க” என்றாராம். பேராசிரியரும் கொடுத்துவிட்டாராம். சீட்டு மாற்றிக்கொள்ள நிபந்தனைகளில் இடமில்லை, தடையும் இல்லை. அந்த நேரத்தில் ஸ்டாண்டம்மா டோக்கன் கொடுக்கப் போயிருந்தார். நான் வேப்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன்.

பராமரிப்பு முடிந்த பொருள்களை மறுபடி படம்பிடித்தபின், கடைசி நாள் எல்லாவற்றையும் வெள்ளைத்துணியால் மூடி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் திறந்து உரியவரிடம் கொடுக்க வேண்டும். யூனிட்காரர் துணியை எடுத்தார்.

கோப்பை முழுக்க வெள்ளையாக இருந்தது.

“பாருங்கக்கா! எவனோ முக்குனவன் தொட்டு வுடாமயே அனுப்பியிருக்கான். நீங்களும் இத்தன வருஷமா அதுலயே குடிச்சிக்கிட்டு இருக்கீங்க. நானே உக்காந்து டச்சப் பண்ணி, நம்ம சூளையில வெச்சி எடுத்தேன். கறையெல்லாம் எரிஞ்சிபோச்சி. எங்க தடம் இருந்துச்சின்னு இப்ப எனக்கே சொல்லத் தெரியாது.”

கைதட்டினார்கள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு நாளில் அவரால் ஒரு பொருள் சரிசெய்யப்பட்டவர்கள்தான். மனதாரத் தட்டினார்கள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கோப்பையை ஒருமுறை சுற்றினார். நின்றார். எதிர்ப்பக்கமாக ஒருமுறை சுற்றினார். விரல்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வழுக்கிக்கொண்டே போயின.

“நல்லா இருக்குதுப்பா” என்றார். “கையிலதான் நிக்க மாட்டேங்குது. புதுசாயிடுச்சி இல்ல, அதான்.”

நான் ஒருங்கிணைப்பாளரை நோக்கி எழுந்தேன். எண் நான்கைச் சொல்வதற்காகத்தான் எழுந்தேன். ஸ்டாண்டம்மா என் பக்கம் திரும்பிச் சின்னதாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்:

“வுட்டுடுங்க சார். அந்தப் புள்ள ஆசையா செஞ்சிருக்குது.”

“கேக்காம செஞ்சது தப்பில்லையா?”

தெரு திரும்பியதும் கேட்டார்.

“நான் யாரக் கேட்டேன் சார்?”



அன்றோடு அவர் பழக்கம் நின்றது. ஸ்டாண்டில் செயின்கள் காய்ந்தன. எங்கள் வீட்டு அலமாரிக் கதவு சத்தம் போட ஆரம்பித்திருந்தது. என் மனைவியைப் பார்க்க வந்தவர் அதைக் கேட்டார், கை எழுந்தது, திரும்ப மடிக்கே போனது.

“சார், இந்தக் கதவு கத்துது. கத்தட்டுமா?”

நாற்பது வருஷமாக எதற்கும் ஒரு பதில் வைத்திருந்த என் மனைவி, எழுந்துபோய் அந்தக் கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இதோடு விடவில்லை. தான் தொட்ட பொருள்களையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். ‘அந்த ஏணியில ஒரு கயிறு கட்டியிருந்துச்சே, அவுத்துட்டேனே, அது யாரு கட்டுனது?’ ‘பொட்டி மூடியில ஒரு கீறல் இருந்துச்சே, தேச்சி எடுத்துட்டேனே, அது ஏதாச்சும் அடையாளமா?’ பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு கயிறோ கீறலோ இருந்ததே நினைவில்லை. எதிர்வீட்டு இன்ஜினியரின் மனைவிகூட அவருக்குக் காபி கொடுத்து, “அதெல்லாம் ஒண்ணுமில்லங்க, நீங்க உக்காருங்க” என்றார்.

தெருமுனை வீட்டுக்குப் போக மட்டும் துணைக்கு என் மனைவியைக் கூப்பிட்டார். கணவரைப் பறிகொடுத்த அந்த அம்மாவிடம், நின்றுகொண்டே கேட்டாராம்.

“யக்கா, அந்தக் கேட்டு கத்துறது... நான் எண்ண வுட்டுட்டனே. அது உனுக்கு வேணும்னு இருந்துச்சா?”

அந்த அம்மா போய்க் கேட்டை ஒருமுறை திறந்து மூடினாராம்.

“ஷிப்ட்டு முடிஞ்சி வரப்ப அது கத்தும். அந்தச் சத்தத்துலதான் எழுந்து அடுப்பப் பத்த வெப்பேன். ஆமா, இப்ப கத்தறதில்ல.” பிறகு சொன்னாராம்: “அதுக்கு நீ என்னாடி பண்ணுவ? நீ எண்ண வுடலன்னாலும் அவரு வரப் போறதில்ல.”

இவர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம். அழவில்லை என்று என் மனைவி சொன்னாள். அந்த அம்மாதான் அழுதாராம்.

படம் தயாராகி, அதே மண்டபத்தில் திரையிட்டார்கள். செருப்பு நடந்தது; டிபன் கேரியர் தன் அடுக்குகளைத் தானே அடுக்கிக்கொண்டது; என் ஸ்டேப்லர் ஒரு கிழட்டு முதலை மாதிரி வாயைத் திறந்து மூடியது. குழந்தைகள் கூவினார்கள். எந்தப் பொருளுக்குப் பின்னாலும் ஒரு கையும் தெரியவில்லை. பிறகு கோப்பை வந்தது. மெல்லச் சுழன்றது. பழுப்பான ஒரு தடம் வந்து போயிற்று. இரண்டு தடங்கள் வந்து போயின. மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. அடுத்த சுழற்சியில் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை, இசை உயர்ந்தது. மண்டபம் கைதட்டியது.

ஸ்டாண்டம்மா எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில், எதையோ பிடித்திருப்பதுபோல மூன்று விரல்கள் வளைந்திருந்தன.

“மறுபடியும் மொதல்லேருந்து போடுவாங்களா சார்?”

கேட்டுப் பார்த்தேன். அடுத்து நன்றியுரை என்றார்கள். நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது திரையிடல் இல்லை. “போன்ல அனுப்பச் சொல்லலாங்க, எப்ப வேணாலும் பாக்கலாம்” என்றாள் என் மனைவி.

“பாக்கலாம்ங்க. புடிக்க முடியாதே.”

அடுத்த வாரம் ஒரு காலையில் வந்து என் எதிரே உட்கார்ந்தார். “சார், அந்த மனு எழுதிருவோமா?”

எந்த மனு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. காகிதத்தை எடுத்தேன். கணவர் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம். காரணம் என்ற இடம் வந்தது.

“அங்க என்னா எழுதுவீங்க சார்?”

“ஏழு வருஷத்துக்கு மேல தகவல் இல்லன்னு.”

“அது அப்பவே இருந்துச்சே சார்.”

நான் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த காரணத்தை எழுதினேன். அவர் சொல்ல வந்த காரணத்துக்கு அந்த மனுவில் இடமில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டு, போட்டார். தன் பேரை முழுதாக, அவசரமில்லாமல்.

அதன்பின் ஸ்டாண்டு வேலையை விட்டார். திட்டக்குடியில் தங்கை வீட்டோடு இருந்துகொள்ளப் போவதாகச் சொன்னார். சாமான் ஏற்றும் அன்று நல்ல காற்று, இடையிடையே தூறல். என் குடையை வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் நின்று வேனில் ஏற்றினார். கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றிப் பாத்திர மூட்டையில் மற்ற பாத்திரங்களோடு வைத்ததைப் பார்த்தேன். முன்னெல்லாம் கையில்தான் வைத்திருப்பார்.

குடையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“கம்பி ஒண்ணு ஒடஞ்சிடுச்சி சார், காத்துல. அப்படியே கொண்டாந்துட்டேன்.”

“பரவால்லம்மா.”

“சரி பண்ணித் தரவா?”

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் முதல்முறையாகக் கேட்டார். தரச் சொல்லியிருக்கலாம். நான் சொல்வதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். “போயிட்டு வரேன் சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். குடை அப்படியே மாட்டியிருக்கிறது. வெயிலுக்கு ஆகும், மழைக்கு ஒரு பக்கம் நனையும்.

அவர் போன பிறகுதான் அந்தத் தபால் வந்தது. கலைக்குழுவின் தலைமை அலுவலகம், படம் தொடங்குவதற்கு முன் நான் கேட்டிருந்த தெளிவுரைக்குப் பதில் அனுப்பியிருந்தது. அழகான தாள், சுருக்கமான வாசகம். தாமதத்துக்கு வருந்துகிறோம், நிபந்தனை நான்கும் ஏழும் முரண்படும் இடத்தில் நான்கே மேலோங்கும், உரியவரின் சம்மதமின்றி எப்பொருளிலும் நிலையான மாற்றம் செய்யலாகாது, இதைப் பங்கேற்பாளர்கள் அனைவருக்கும் தெரியப்படுத்தவும்.

இருமுறை படித்தேன். வாசகத்தில் ஓட்டை இல்லை. என் கடிதத்தின் நகலோடு சேர்த்து, படப்பிடிப்பில் ஸ்டாண்டம்மா சுத்தம் செய்து கொடுத்த ஸ்டேப்லரால் தைத்தேன். ஒரே அழுத்தில் ஊசி இறங்கியது. அதற்கு முன் அது ஒருநாளும் அப்படி அடித்ததில்லை. பிறகு, பழக்க தோஷத்தில், தாளின் இடப்பக்க மூலையில் கிடைக்கப்பெற்ற நாளைக் குறித்தேன்: மாசி மகத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.